அழித்த படம்

ஜனவரி 21, செவ்வாய்

பனியால் பேருந்து தாமதம். வகுப்புக்குள் நுழைந்தபோது ஆசிரியர் பகெட் பாடத்தைப் பாதி முடித்திருந்தார். இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு சின்ன இணையதளம் செய்ய வேண்டும். கோப்புகளை இணையத்தில் ஒரு ரெப்போவில் போட வேண்டுமாம். கிடங்கு மாதிரி. அங்கே ஒரு அமைப்பை மாற்றினால் அதுவே தளமாக வெளியே வந்துவிடும்.

"எதைப் பத்தி வேணா செய்ங்க. உங்களுக்குச் சலிக்காத விஷயமா இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சலிக்காதது எது? சமையலறை சன்னல். பின்முற்றத்துத் தீனிப்பெட்டிக்கு வரும் பறவைகள்.

ஜனவரி 26, ஞாயிறு

லூக் கையில் விதைப் பையோடு வெளியே ஓடினான். அக்கா மகனுக்கு ஏழு வயது. பறவைகளை விட அவன்தான் அதிகம் கத்துகிறான். நிறையப் படம் எடுத்தேன். அக்கா மிரேய் அடுப்பருகே நின்று பட்டாணி சூப்பைக் கிளறியபடி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அக்கா பாடிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பார்க்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

வெளியிட்டாயிற்று!

மூன்று தடவை பிழை வந்தது. முகப்புக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தைப் பெரியதாகப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். பிறகு பச்சைக் குறி விழுந்தது. முகவரியைத் தட்டினால் என் பக்கம். மேலே என் முழுப்பெயர், கீழே தொடர்புக்குக் கல்லூரி மின்னஞ்சல். "இனிமே உலகத்துல யார் வேணா பாக்கலாம்" என்று பகெட் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

தாலியா எனக்குப் பக்கத்து இருக்கை. வாய் சும்மா இருக்காது. என் தளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றாள். தீனிப்பெட்டி அருகில் லூக்.

"யாரு இந்தச் சுட்டிப் பய? பின்னாடி காரேஜ் கதவுல வீட்டு நம்பர் இருக்கு, மூலையில தெருப் பலகைகூடத் தெரியுது. காபி குடிக்க நாளைக்கே வந்துரட்டுமா?"

நான் சிரிக்கவில்லை.

டெரிக். இந்தப் பெயரை இந்த நோட்டில் எழுதக் கூடாது என்றிருந்தேன். மிரேயின் கணவன். கோடையில் நாங்கள் மூவரும் டிம்மின்ஸ் ஊரை விட்டு இங்கே சட்பரிக்கு ஓடி வந்தது அவனிடமிருந்து. அவளையும் பையனையும் நேரிலோ ஆள் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது.

நான் — என் முழுப்பெயரைப் போட்டு — எப்படித் தோன்றாமல் போனது எனக்கு?

வகுப்பிலேயே படத்தை அழித்தேன். பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன். இல்லை. போய்விட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

போகவில்லை.

"அழிச்சிட்டேன்னு நினைச்சியா? இங்க பாரு" என்று தாலியா ரெப்போவைத் திறந்து, பழைய பதிப்புகள் என்றிருந்த இடத்தைத் தட்டினாள். நான் சேமித்த ஒவ்வொரு நிலையும் தேதியோடு அடுக்காக இருந்தது. அதில் லூக், கதவு, எண், எல்லாம். "எழுதினது தொலஞ்சு போகக் கூடாதுன்னுதான ரெப்போவே இருக்கு. யார் வேணா பின்னாடி போய்ப் பாக்கலாம். நோயெல், ஏன் இப்படிப் பதறுற?"

சொன்னேன். முதல் தடவையாக வெளி ஆள் ஒருத்தியிடம். அவள் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. இருவரும் சேர்ந்து ரெப்போவையே மொத்தமாக அழித்தோம். உறுதி செய்ய அதன் பெயரை முழுதாகத் தட்டச் சொன்னது. எனக்கு எழுத்துகள் தவறிக்கொண்டே இருந்தன, அவள்தான் தட்டினாள்.

மிரேயிடம் சொல்லவில்லை. இப்போதுதான் திரைச்சீலைகளைத் திறந்து வைக்கத் தொடங்கியிருக்கிறாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெறும் பறவைப் பக்கம். யார் பார்ப்பார்கள்?

பிப்ரவரி 6, வியாழன்

கல்லூரி மின்னஞ்சலில்:

"பறவைங்க அழகா இருக்கு நோயெல். லூக் நல்லா வளந்துட்டான்."

பெயர் போடவில்லை. போட வேண்டியதில்லை.

அதே நாள்

சொல்லிவிட்டேன். பேருந்துக்குக் காத்திராமல் வீடு வரை ஓடினேன். மிரேய் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை." சட்டையை வைத்தாள். "நீ படத்தைப் போட்டது தெரியாத்தனம் நோயெல். அது எனக்குப் புரியுது. ஆனா மூணு நாளா அந்தப் பையன் அந்த முத்தத்துல வெளையாடினான். நான் பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்கு என்ன சொல்ற?"

அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினேன்.

லூக்கைப் பள்ளியிலிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அந்தப் பெண் அதிகாரி மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். "உங்க தங்கச்சிக்கு அனுப்பினாலும் பையனைப் பத்தி எழுதிருக்கான். தடையை மீறினதுதான். ஆனா அவன் கிடைக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குப் போகாதீங்க."

பிப்ரவரி 7, வெள்ளி

பெண்கள் காப்பகம். ஒரே அறை. லூக் இதை விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மிரேய் அவன் பக்கம் நகர்கிறாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 8, சனி

பிடித்துவிட்டார்கள். டிம்மின்ஸில் இல்லை. 144 நெடுஞ்சாலையில், பாதி வழியில், பெட்ரோல் போட்டுக்கொண்டு இருந்தானாம். இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான்.

வண்டியில் சின்னப் பையன் அளவுக்கு ஒரு ஜோடி புது ஸ்கேட் காலணி இருந்ததாம். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் அந்த அதிகாரி. மிரேய் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

பிப்ரவரி 22, சனி

அவர்கள் போய்விட்டார்கள். அவன் எப்போது வெளியே வருவான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காப்பகத்தார் வேறு ஊரில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"வேணாம்." காரின் பின்கதவைச் சாத்தினாள். "கோவத்துல சொல்லல. உனக்குத் தெரியாம இருந்தா, உங்கிட்டேர்ந்து யாரும் தெரிஞ்சுக்க முடியாது. அவ்ளோதான்."

கோபமும்தான். எனக்குத் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

நானும் வீடு மாறிவிட்டேன். படிப்பை விடப் போகிறேன் என்று சொல்லப் போனபோது, பகெட் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். தாலியா ஏற்கெனவே பேசியிருக்கிறாள். "வெளிய எப்படிப் போடறதுன்னு சொன்னேன். எது வெளிய போகுதுன்னு பாக்கச் சொல்லல. அது என் தப்பு" என்றார். என் பெயர் இல்லாமல், படம் இல்லாமல், பேருந்து நேரங்களைக் காட்டும் ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார். சலிப்பான விஷயம். செய்கிறேன்.

மார்ச் 19

மிரேயிடமிருந்து அழைப்பு இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எண் தெரியாத அழைப்பு. எடுத்தால் லூக்.

"சித்தி! எனக்குப் புது ஸ்கூல் கெடச்சிருச்சு. பேரு என்னன்னா—"

"லூக், பேரு வேணாம்."

"ஏன்?"

"பேர மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் சொல்லு. டீச்சர் எப்படி?"

டீச்சர் தும்மினால் வகுப்பே குலுங்குமாம். நாய் பயம் உள்ள ஒரு நண்பன் இருக்கிறானாம். மதியச் சாப்பாட்டில் சீஸ் எப்போதும் ஈரமாக இருக்குமாம். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு போன் கை மாறியது.

"அடுத்த ஞாயிறு கூப்பிடறேன்" என்றாள் மிரேய். "இதே நேரம் வீட்ல இருப்பல்ல?"

இருப்பேன் என்றேன்.