பெயர் தெரியாத இருவர்

பெப்ரவரி 20, வெள்ளி. கிளேட்டன்.

இன்றைக்கு என் பேச்சைக் கேட்டுக் கனடாவில் ஒரு ஐஸ் ஹொக்கி அணி தன் தலைவனையே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வீரர்கள் யாரும் வரவில்லை. இளையவர்களைத் தெரிவு செய்யும் நாளில் முதல் சுற்றில் இரண்டு பேரை எடுக்கும் உரிமை மட்டுமே கிடைத்தது.

கணக்குப் போட்டவள் நான், இங்கே வீட்டிலிருந்தே அந்த அணிக்கு வீரர்களின் புள்ளிவிவரம் பார்க்கிறவள். பனித்தரையில் ஒருநாளும் கால் வைக்காதவள். "நிச்சயமா?" என்று முகாமையாளர் காணொளியில் கேட்டார். தலைவனுக்கு வயது முப்பத்து மூன்று, அணி மறுபடி எழும்ப ஐந்து வருடம் செல்லும் என்றேன். அவ்வளவுதான், கொடுத்துவிட்டார்கள்.

குசினியில் என் கணவர் குகனிடம் சொன்னேன்.

"ஆரெண்டே தெரியாத ரெண்டு பிள்ளையளுக்காகவோ குடுத்தவை?"

"ஓம்."

படகில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, பன்னிரண்டு வருடமாக நிரந்தர விசாவுக்குக் காத்திருக்கிறவர் அவர். "இனி வரப்போறவைக்கு இவ்வளவு பெறுமதி குடுக்கிற இடமும் இருக்கு, என்ன?" என்றார். குரலில் கசப்பில்லை. வியப்புத்தான்.

எனக்கும் அந்த வியப்பு அடங்கவில்லை. யாரோ இரண்டு பேர் இப்போது எங்கோ பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். தங்களுக்காக ஒரு அணித்தலைவன் ஊர் மாற வீட்டைக் காலி செய்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது.