பின்னால் புகை வரவில்லை

கொட்டாஞ்சேனை,
நவம்பர் 1945

அன்பு மகன் மஷூருக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது தங்கச்சி பஹ்மியா.

உங்கட காரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். யுத்தத்தில் பெற்றோல் இல்லையென்று நீங்கள் முற்றத்தில் விட்டுப்போனதிலிருந்து அது அசையவில்லை. இப்போது கொஞ்சம் பெற்றோல் கிடைக்கிறதே என்று வாப்பா கார் திருத்தும் முத்துலிங்கம் பாஸைக் கூட்டிவந்தார். முன்னால் கம்பி போட்டு எஞ்சினைச் சுற்றச் சுற்ற ஒருமாதிரிப் பிடித்தது, ஆனால் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கி, இருமி, நின்றுபோனது. பழைய பெற்றோலை வடித்தார்கள், பிளக் துடைத்தார்கள், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார்கள், அதே நடுக்கம்தான். எஞ்சின் முடிந்தது முதலாளி, இரும்பு விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார் பாஸ். வாப்பா மனமொடிந்து, கொலன்னாவையில் பழைய இரும்பு வாங்கும் ஸாலிஹை வரச் சொல்லிவிட்டார். நீங்கள் திரும்பி வந்து வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைக்க வைத்திருந்த கார், எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கச்சி குமராகிப் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து, ஆம்பிளைகள் முற்றத்தில் நின்றால் குசினி யன்னல் திரைக்குப் பின்னால்தான் நிற்பாள். அங்கிருந்து காரின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஸாலிஹ் வந்து விலை பேசும் நேரம், பாஸ் கடைசி முறையாக ஸ்டார்ட் பண்ணிக் காட்ட, எல்லோரும் முன்னால் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். இவள் என் காதுக்குள் வந்து, உம்மா, இந்த உறுமல் உறுமுது, பின்னால புகையே வரல்லையே என்றாள். வாப்பாவிடம் நீயே சொல்லு என்றால், என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறாள். நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். குசினிக்குள்ளயும் ஒரு பாஸ் இருக்கிறார் போல என்று ஸாலிஹ் சிரித்தான். முத்துலிங்கம் சிரிக்கவில்லை, குனிந்து புகைக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் கிளறினார். வந்தது என்ன தெரியுமா மகன், நீங்கள் வீட்டில் உடுக்கும் கட்டம் போட்ட பழைய சாரம்! எலி ஏறாமல் அடைத்துவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் கப்பலேறியிருக்கிறீர்கள். அதை இழுத்தெடுத்துச் சுற்றியதும் குப்பென்று கரும்புகை கக்கி, பாஸின் வெள்ளைச் சேர்ட்டைப் பாழாக்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. ஸாலிஹ் வெறுங்கையோடு போனான்.

மறுநாள் வாப்பா எங்களைக் கல்கிசைக் கடற்கரைக்கு ஏற்றிப்போனார். வழியெல்லாம் சத்தம் சரியா மகள் என்று தங்கச்சியிடம்தான் கேட்டார்.

காரை இனி ஒருவருக்கும் கொடுக்கமாட்டோம், நீங்கள் வந்துதான் ஓட்ட வேண்டும். தொழுகையை விடாதீர்கள், வெயிலில் அலையாதீர்கள். இனிமேல் எதையாவது அடைத்தால் சொல்லிவிட்டு அடையுங்கள். அல்லாஹ் உங்களை நல்லபடி கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கட உம்மா,
பைறோஸா

நானா, என்னைப் பற்றி உம்மா சொன்னதில் பாதியை நான் எழுதவில்லை. பஹ்மியா.