வால்நட்சத்திரத்துக்கு ஒரு மூக்கு

மார்ச் 4

இன்றும் பொட்டலம் கட்டும் பகுதிதான். வாசனைத் தைலக் குப்பிகளுக்கு மூடி திருகி, பெட்டியில் அடுக்கி, ஒட்டுநாடா ஒட்டினேன். வருஷக்கணக்காக வாசனை கலந்த கை இது.

காய்ச்சல் போய் மாதங்கள் ஆகிவிட்டன. மூக்கு மட்டும் திரும்பவில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை, வேறு யாருடைய மூக்கோ வந்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காபி எரிந்த ரப்பராகிறது. வெங்காயம் சாக்கடை. ரோஜாத் தைலம் மழையில் ஊறிய சாக்கு. அறுந்த நரம்பு திரும்ப வளரும்போது இடம் மாறி ஒட்டிக்கொள்ளும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்கிறார்.

பொறுமைதான். ஆனால் இவர் பக்கத்தில் வந்தாலும் அதே ரப்பர். நான் கூடத்தில் படுக்க ஆரம்பித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்று காலை இவர் புது சோப்போடு குளித்துவிட்டு வந்து, “இப்ப பரவாயில்லையா?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். சொந்த வீட்டுக்குள் வருவதற்கு அனுமதி கேட்கிற மனுஷன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 9

முதலாளி கூப்பிட்டார். கோளரங்கத்தில் வால்நட்சத்திரக் கண்காட்சி வைக்கிறார்களாம். வருகிறவர்கள் முகர்ந்து பார்க்க வால்நட்சத்திரத்தின் வாசனை வேண்டுமாம்.

“மத்தவங்களுக்குத் தலைக்கு மேல வேலை இருக்கும்மா. நீங்க பண்ணிடுங்க. எந்தப் பயலும் அங்க போய் மோந்து பாத்துட்டு வந்து ‘இது தப்பு’ன்னு சொல்லப் போறதில்லையே!”

சிரித்தார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, “இது சரியா வரலைன்னா பொட்டலப் பகுதியிலயே வெச்சுடறேன், சங்கடப்படாதீங்க” என்றார்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வால்நட்சத்திரத்துக்கு வாசனை உண்டா? அதைக் கண்டுபிடித்தது யார்? எந்த மூக்கால்?

மார்ச் 12

கோளரங்கத்து விஞ்ஞானியைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். மேஜை முழுக்க காகிதம், அதன் மேல் பாதி கடித்த பிஸ்கட். கேள்வி கேட்டால் கண் மின்னுகிறது.

வால்நட்சத்திரம் என்றால் எரிகிற நெருப்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். எரிவது எதுவுமில்லையாம். பனியும் தூசியும் கலந்த கட்டி, ஒரு சின்ன ஊர் அளவு, மேலே கரியை விடக் கறுப்பு. சூரியனுக்குக் கிட்டே வரும்போது பனி உருகாமல் நேராக ஆவியாகிறது. அந்த ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு பீறிட்டு வருவதுதான் தலையைச் சுற்றிய மங்கலும் வாலும்.

“வால் எப்பவுமே சூரியனுக்கு எதிர்ப் பக்கம்தான் நீட்டும். அதனால அது திரும்பிப் போகும்போது வாலை முன்னால விட்டுக்கிட்டுப் போகும்” என்றார். பின்பக்கமாக நடந்து வெளியேறும் பழைய காலத்துச் சேவகன் மாதிரி! சொன்னேன். உட்கார்ந்தபடியே குலுங்கிச் சிரித்தார்.

வாசனையைப் பற்றிக் கேட்டேன். ஒரு விண்கலம் வால்நட்சத்திரம் ஒன்றோடு கூடவே இரண்டு வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. அதிலிருந்த கருவி கசிந்த வாயுவை உள்ளே இழுத்து, மூலக்கூறு மூலக்கூறாக எடை போட்டிருக்கிறது. எடையை வைத்து இன்னது என்று கண்டுபிடிப்பது. அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு, குதிரை லாயத்து அம்மோனியா, கசப்பு பாதாம் வாடையுள்ள சயனைடு, தீக்குச்சி உரசும் நெடி, கொஞ்சம் சாராயம்.

“அப்ப அது மோந்து பாத்த மாதிரிதானே?”

“மாதிரிதான். ஆனா நல்ல வாசனையா, கெட்ட நாத்தமான்னு அதுக்குக் கவலையில்ல. என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.”

வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. என் மூக்கை விட அந்தக் கருவி நேர்மையானது.

மார்ச் 21

கருவி சொன்ன அளவுக் கணக்குப்படி கலந்தேன். விஷச் சரக்குகளுக்குப் பதில் அதே வாடையுள்ள ஆபத்தில்லாதவை, மிக நீர்க்க. எனக்கு எல்லாமே ஈரச் சாக்கு. கணக்கு சரி, ஆகவே வாசனையும் சரி என்று நம்பி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 25

மூக்கு உடைந்தது.

விஞ்ஞானி காகிதக் கீற்றை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “வெறும் முட்டைங்க. வேற எதுவும் தெரியல.”

எப்படித் தெரியும்? கருவிக்கு எடைதான் கணக்கு. மனித மூக்குக்கு அப்படியில்லை. அழுகிய முட்டை வாயு ஊசிமுனையளவு இருந்தாலும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், சாராயம் குடம் குடமாக இருந்தாலும் மெல்லத்தான் தெரியும். பயிற்சி வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம்! நானே புதியவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். மூக்கு இருந்தவரை கை தானாகச் சரிசெய்துகொண்டது. இப்போது எதைக் கொண்டு சரிசெய்வது?

பொட்டலப் பகுதியே கதி போலிருக்கிறது. என்ன பண்றது, என்னதான் பண்றது நான்?

மார்ச் 26

இவரிடம் சொன்னேன். சமையலறையில் நான் ஜன்னல் பக்கம், இவர் கதவு பக்கம். இப்போதெல்லாம் எங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு மேஜை இருக்கிறது.

“என் மூக்கை எடுத்துக்கோயேன்” என்றார்.

“உங்க மூக்கா? பால் திரிஞ்சாலே தெரியாது உங்களுக்கு!”

“கண்ணாடிக் கடைக்காரனுக்கு மூக்கோட அருமை தெரியாதா? அது இல்லேன்னா என் சரக்கு எங்க போய் நிக்கும்?”

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

பாடம் தொடங்கியது. கீற்றுகளை மேஜையில் வைப்பேன், இவர் முகர்ந்து சொல்ல வேண்டும்.

முதல் கீற்று: “ஐயய்யோ.”

“ஐயய்யோ எல்லாம் வாசனை இல்லங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

“நாத்தம்.”

“என்ன நாத்தம்?”

நீண்ட யோசனை. “நம்ம பழைய வீட்டு மாடிப்படிக்குக் கீழ, எலி செத்துக் கிடந்துச்சே… அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

எலி சாவதற்கு முந்தைய வாசனையா! ஆனால் எனக்குப் புரிந்தது: முட்டை இன்னும் தூக்கல், அம்மோனியா போதவில்லை. குறைத்தேன், கூட்டினேன். மாலைக்குள் “எலி போயிருச்சு, இப்ப குதிரை வந்திருக்கு” என்றார். அதே ஞாயிறு, அதே நாற்காலி, ஆனால் மேஜைக்கு ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம். கவனித்த பிறகுதான் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். இவர் கீற்றுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

ஏப்ரல் 6

விஞ்ஞானியோடு தொலைபேசியில் நீண்ட பேச்சு. கேள்வி கேட்கத்தான் கூப்பிட்டேன், வேலை பிறகு.

கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் ஏறத்தாழ ஒரே எடையாம். சாதாரணத் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் அவ்வளவு சின்னது. அதைப் பிரித்தறிய விண்கலத்துக் கருவியைச் செய்தவர்கள் பல வருஷம் மெனக்கெட்டிருக்கிறார்கள். “பிரிக்கத் தெரியாட்டி வரைபடத்துல ஒரே மேடா தெரியும். நல்ல கருவியில பாத்தா ரெண்டு மேடு, நடுவுல ஒரு சின்ன பள்ளம்.”

ஒரே மேடு. என் மூக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறதோ? எல்லாவற்றையும் ஒரே மேடாக, ரப்பர் என்றே படிக்கிறதோ? ரப்பருக்குள் பள்ளம் இருக்கிறதா என்று நான் ஒரு நாளாவது பார்த்தேனா? மோதியதுமே ஓடத்தானே செய்தேன்.

ஏப்ரல் 7

காபியை முகர்ந்தேன். ரப்பர். ஓடவில்லை, நின்றேன். ரப்பர், ரப்பர்… பின்னால் ஏதோ இனிப்பு. அல்லது அப்படி நினைத்துக்கொண்டேனோ?

ஏப்ரல் 15

ஒரு வால்நட்சத்திரம் இப்போது நிஜமாகவே வந்திருக்கிறதாம். சூரியன் மறைந்த கையோடு மேற்கே தாழ்வாகத் தெரியும் என்றார் விஞ்ஞானி. கோளரங்க மொட்டைமாடிக்கு இவரையும் அழைத்துப் போனேன். இருநோக்கியை இவர்தான் துடைத்துத் தந்தார், கண்ணாடி துடைக்கும் துணி இவரிடம் எப்போதும் இருக்கும்.

எதிர்பார்த்தது பெரிய வால். கண்டது, கண்ணாடியில் யாருடைய விரலோ பட்ட மாதிரி ஒரு மங்கல். “துடைக்கலையா?” என்று கேட்டே விட்டேன்.

“அதான்மா வால்நட்சத்திரம்” என்றார் இவர்.

விஞ்ஞானி தன் கணினியில் அதன் நிறமாலையைக் காட்டினார். ஒளியைப் பட்டையாக விரித்தால், ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனிக் கோடு. தலையின் பச்சை நிறம், இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறால் வருவதாம். சூரிய ஒளியிலேயே அது சீக்கிரம் உடைந்து போய்விடுவதால் வால் வரைக்கும் பச்சை எட்டாது. அவ்வளவு தூரத்திலிருந்து, போய்த் தொடாமலே, இன்னது இருக்கிறது என்று சொல்ல முடிகிறது.

எல்லா வால்நட்சத்திரமும் ஒரே கலவையா என்று கேட்டேன். இல்லையாம். ஒன்றில் சாராயம் தூக்கல், இன்னொன்றில் கார்பன் மோனாக்சைடு. உருவான இடமும் பட்ட பாடும் வேறு. மனுஷங்க மாதிரிதான், என்றார் இவர். விஞ்ஞானி, “இவரையும் வேலைக்குச் சேத்துக்கலாம் போலிருக்கே” என்றார்.

ஏப்ரல் 22

இவர் கீற்றை முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

“முதல்ல முட்டை. அது போனதும் குதிரை. அப்புறம் தீக்குச்சி… கடைசியில ஏதோ இனிப்பா, மருந்துக் கடைல வருமே.”

கசப்பு பாதாம்! பேரில்தான் கசப்பு, வாடை இனிப்பு. நான் வரிசையாக விரிய வைக்க நினைத்தது அப்படியே வந்திருக்கிறது. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பிடித்த கையை உடனே விடவுமில்லை.

ஏப்ரல் 28

கலவையை விஞ்ஞானி ஒப்புக்கொண்டார். நான்தான், “அங்க நின்னா நிஜத்துல இவ்வளவு தெரியாது. அவ்வளவு மெல்லிசா பரவியிருக்கும். நின்னு மோந்து பாக்கறதுக்குக் காத்தும் கிடையாது” என்று பலகையில் எழுதி வைக்கச் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது. அவரும் அதைத்தான் விரும்பினார்.

முதலாளி முகர்ந்துவிட்டு அறையை விட்டு ஓடினார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மே 11

கண்காட்சி. மூடியைத் திறந்ததும் எல்லாரும் “சீ” என்கிறார்கள். நாலடி போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி முகர்கிறார்கள். ஏன் திரும்பி வருகிறார்கள்? ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரை இழுத்துவந்து, “நல்லா மோந்து பாருங்க, உங்க மாமா வீடு மாதிரியே இல்ல?” என்றாள். அவர் மூன்றாவது தரம் முகர்ந்தார்.

மே 14

முதலாளி என் பழைய மேஜையைக் காட்டினார். விஞ்ஞானி வேறு இரண்டு வால்நட்சத்திரம் கேட்டிருக்கிறாராம். “மூக்கு சரியாயிடுச்சா?” என்றார். இல்லை என்றேன். “பின்ன எப்படி…” என்று இழுத்தார். இரண்டு பேருக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கும், ஒன்று கண்ணாடிக் கடைக்காரருக்கு, ஞாயிறு மட்டும், என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மே 25, ஞாயிறு

மதியம் இவர் கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். சாராயம் தூக்கலான அந்த வால்நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ கேட்கப் போனவள், பேசிக்கொண்டே பக்கத்தில் தலை சாய்த்தேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. என் தலை இவர் தோளில். புத்தகம் மார்பில் கவிழ்ந்து கிடந்தது.

“கை மரத்துப் போச்சு” என்றார், மெதுவாக.

“எடுத்துக்க வேண்டியதுதானே?”

“எழுந்துக்குவியோன்னுதான்.”

எழுந்து தேநீர் போட்டேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான், இவ்வளவு நேரம் இவர் பக்கத்தில் என்ன வாசனை வந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

கவனிக்க மறந்துவிட்டேன்.