கண் திறந்த கட்டை மீன்

மச்சான்,

டேம் வற்றிக் கிடக்கிறது. சேற்று வாடை ரோட்டைத் தாண்டி எங்கள் லயத்து வீடுகள் வரைக்கும் ஏறி வருகிறது. அக்கா விடிந்ததுமே ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். எனக்கு அந்த வாடை பிடிக்கும் என்று சொன்னால் அடிக்க வருவாள். நீங்கள் மீன் பிடித்துவிட்டு வரும்போது உங்கள் சட்டையில் அதேதான் அடிக்கும். அக்காவைக் கட்டி நீங்கள் எங்கள் ஓரறைக் காம்பராவுக்கு வந்த புதிதில், உங்கள் சட்டையை விறகுக் கம்பால் தூக்கி வாசலில் போட்டவள் அல்லவா அவள்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை முடிந்து வந்ததும் நீங்கள் முள்முருங்கைக் கட்டையும் கத்தியுமாக உட்கார்ந்துவிடுவீர்கள். தூண்டிலில் கட்ட என் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மீன் செதுக்குவீர்கள். வயிற்றைக் குடைந்து ஈயம் வைத்து அடைத்து, போத்தல் தண்ணீரில் போட்டுப் பார்ப்பீர்கள். மிதந்தாலும் ஆகாது, முங்கினாலும் ஆகாது, நடுவில் நிற்க வேண்டும். அது நிற்கும் வரைக்கும் ஈயத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பீர்கள், சோறு ஆறிப்போய் அக்கா கத்தும் வரைக்கும்.

கடையில் விற்கும் மினுமினுப்பு மீன்களை வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒன்றும் அகப்படாமல் திரும்பிப் போவார்கள். நீங்கள் சிரிப்பீர்கள்.

"கலங்கல் தண்ணியில, பசிச்ச மீன யாரு வேணும்னாலும் புடிக்கலாம் மாப்ள. இது கண்ணாடித் தண்ணி. இங்க உள்ள மீனு எல்லாத் தூண்டிலயும் பாத்துருச்சு. அதுக்கு முன்னால ஆடக் கூடாது, சும்மா நிக்கணும்."

ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். தண்ணீருக்குள் உங்கள் கட்டை மீன் அசையாமல் நின்றது. கீழே, டேம் கட்டியபோது முங்கிப்போன பழைய டவுன் இருந்த பக்கத்திலிருந்து ஒரு பெரிய மீன் மெதுவாக வந்தது. ஒரு சாண் தள்ளி நின்று கட்டை மீனைப் பார்த்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், தங்கூஸ் தூண்டில் நூல் போகும் வழியே பார்வையை ஏற்றி எங்கள் இருவரையும் பார்த்தது. பார்த்துவிட்டு, தெருவில் தெரிந்தவரைக் கண்டும் காணாமல் போகிற ஆள் போலப் போய்விட்டது. "பழைய டவுனுக்கு மேல நிக்கிற மீனுக்கு மனுசன் பழக்கம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி வீசினீர்கள்.

கண் விஷயத்தில் மட்டும் நீங்கள் விளையாடமாட்டீர்கள். எத்தனை செதுக்கினாலும் வீட்டில் வைத்துக் கண் வைப்பதில்லை. தண்ணீர் ஓரத்துக்குப் போய், ஆணி நுனியை நெருப்பில் சுட்டு, பக்கத்துக்கு ஒரு பொட்டு வைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் வீசிவிடுவீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"சாமிக்கே கடைசியாத்தானே கண்ணு தொறக்குறாங்க. தொறந்ததும் அதுக்கு எதைக் காட்டுறோமோ அதுதான் அதோட எடம். வீட்டுக்குள்ள வச்சுத் தொறந்தா அது நம்மளையேல்ல பாத்துக்கிட்டு இருக்கும்."

கண் திறந்த மீன்களைக் கூரைக்கு வெளியே ஒரு டின்னில்தான் போட்டு வைப்பீர்கள். உள்ளே கொண்டுவர விடமாட்டீர்கள். அக்காவும் இதில் மட்டும் உங்களோடு சண்டை போட்டதில்லை.

கடைசியாகச் செய்ததற்குத் தொண்டைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டீர்கள், அக்கா நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸை எடுத்து. போத்தலில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். அடுத்த வாரம் சொந்தத்தில் கல்யாணம். நான் எதைப் பூசிக்கொண்டு போவது என்று அவள் ஆடித் தீர்த்தாள். குருட்டு மீன் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வந்துர்றேன்" என்று போனீர்கள்.

அவ்வளவுதான் மச்சான். நீங்கள் திரும்பி வரவில்லை.

பொலிஸ் வந்தது, சுழியோடிகள் வந்து டேமுக்குள் முங்கித் தேடினார்கள். கரையில் ஒரு செருப்புக்கூட இல்லை. பிறகு யாரோ ஒருவன், உங்களைப் பையோடு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகவும் கொழும்பு பஸ்ஸில் ஏறியதாகவும் சொன்னான். அந்தப் பேச்சை ஊரே பிடித்துக்கொண்டது. எல்லோரையும் விட இறுக்கமாக அக்கா பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உங்களைத் திட்டாத நாள் கிடையாது. மழை பெய்து பனி இறங்கி விரல் விறைக்கிற காலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இந்தக் குளிரு ஆகலன்னுதானே போயிருக்காரு. கொழும்புச் சூட்டுல நல்லா வேகட்டும்." பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. காரியம் செய்வோமா என்று பெரியவர்கள் கேட்டபோது விளக்குமாற்றைத் தூக்கினாள். ஓடிப்போன புருசன் எங்கேயோ தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறார் என்பதுதானே அதற்கு அர்த்தம். அவள் திட்டுவது எனக்குக் கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது. உங்களை உயிரோடு வைத்திருந்தது அந்தத் திட்டுத்தான்.

நீங்கள் போன பிறகு இந்த வருசம்தான் டேம் இவ்வளவு கீழே போயிருக்கிறது. பழைய டவுனின் கோயில் முழுசாக வெளியே வந்துவிட்டது. பார்ப்பதற்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், கடலை வண்டிகூட நிற்கிறது. நான் ஆட்டோவில் ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் படம் எடுத்து முடிக்கும் வரைக்கும் சேறு காய்ந்த பக்கமாக நடந்தேன். கோயிலின் பின்பக்கம் ஒரு கல்தூண். நீங்கள் போன நாளில் அதன் தலை தண்ணீருக்குள் மறைந்திருந்திருக்கும். அதில் தங்கூஸ் நூல் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. நூல் முனையில், சரியாக என் முகத்துக்கு நேரே, அது தொங்கிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. இருந்தும் அது மெதுவாகத் திரும்பியது. ஒரு பக்கம் கல்லில் தேய்ந்து தேய்ந்து மொட்டையாகியிருந்தது. கொக்கிகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. தொண்டைக்குக் கீழே சிவப்புக் கோடு. மறுபக்கம் திரும்பியபோது, கருகிய ஒரு பொட்டு.

கண் திறந்திருந்தது. கண் இல்லாமல் வீட்டை விட்டுப் போன மீன் மச்சான் அது. அப்படியென்றால் நீங்கள் கொழும்புக்குப் போகவில்லை. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, ஆணியைச் சுட்டு, கண் வைத்து, வீசியிருக்கிறீர்கள். அது தூணில் மாட்டியிருக்கிறது. ஒரு கட்டை மீனைக்கூடத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத ஆள் நீங்கள். எடுக்க இறங்கியிருக்கிறீர்கள்.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அது என் தலைக்கு மேலே திரும்பிக்கொண்டே இருந்தது. அழுதேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றும் வரைக்கும் அதைப் பையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, முழுசாகச் சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் எடுத்து மேசைமேல் வைத்தேன், தேய்ந்த பக்கம் மேலே இருக்கும்படி. கண் இல்லாத பக்கத்தைப் பார்த்தால், பஸ் ஏறப் போகும்போது தண்ணீரில் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்ளலாம். நாளைக்கும் திட்டலாம்.

சிவப்புக் கோட்டைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே எடுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"திருப்புடா."

"அக்கா, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல..."

"திருப்பு."

திருப்பினேன். அந்தக் கண்ணை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. அதுவும் அவளைப் பார்த்தது. பிறகு கட்டைவிரலால், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல, அந்தப் பொட்டை மூடினாள்.

"தண்ணி குளிரா இருந்திருக்குமேடா" என்றாள்.

காரியம் செய்துவிட்டோம் மச்சான். பூசாரி அந்த மீனையும் டேமிலேயே விட்டுவிடச் சொன்னார். அக்கா கொடுக்கவில்லை. "தண்ணிக்கு எவ்வளவுதாங்க சாமி குடுக்குறது" என்று கேட்டாள். கண் திறந்ததை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. இருந்தும் உள்ளே கொண்டுவந்துவிட்டோம்.

அவள் உங்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். வீடு நிசப்தமாக இருக்கிறது. சாயங்காலமானால் என் சட்டைப் பையிலிருந்து மீனை வாங்கி, கண் நெருப்பைப் பார்க்கும்படி அடுப்போரம் காய வைக்கிறாள். காலையில் நான்தான் முதலில் எழும்பி எடுப்பேன். அடுப்பில் சாம்பல் இன்னும் சுடும். அதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், விரலில் ஈரம் ஒட்டும். மரம் பனியை இழுக்கும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது வைத்த பக்கம் பார்த்துக் கிடப்பதில்லை மச்சான். அவள் படுத்திருக்கும் பக்கம் பார்த்துக் கிடக்கிறது.

சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவை எடுக்கப் போவேன். பாயிலிருந்து அக்கா கேட்பாள்.

"காஞ்சிருச்சாடா?"

"காஞ்சிருச்சுக்கா."