அக்கா சுண்டிய காசு

அக்கா,

விரலெல்லாம் புளி வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் காசைத்தான் தேய்த்தேன்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் மருமகள் அதை மஞ்சள் துணியில் முடிந்து தேனிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "இதை உங்ககிட்டத்தேன் குடுக்கணும்னு அத்தை சொல்லிட்டுப் போனாக" என்றாள். அன்றிலிருந்து என் மகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய காசுக்கு மதிப்புப் போடுகிறவர் ஒருவர் மதுரையில் இருக்கிறாராம். "ராசா காலத்துக் காசுன்னா சும்மாவாம்மா? காட்டிட்டு வந்துருவோம்" என்று நச்சரித்தான். எனக்கோ இரண்டு மனது. மதிப்பு அதிகம் என்றால் விற்கச் சொல்வான்; ஒன்றுமில்லை என்றால், ராசா காலத்துக் காசு என்று அப்பா சொன்னது பொய்யாகிவிடும்.

கம்பத்தில் நம் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நடக் குழி தோண்டியபோது அப்பா கையில் அகப்பட்ட காசு. அவர் உன்னிடம் கொடுத்தார். நீ அதை நீதிபதி ஆக்கிவிட்டாய். பாத்திரம் யார் விளக்குவது, ஜீப்பில் ஓரத்து இடம் யாருக்கு, எல்லாவற்றுக்கும் காசைச் சுண்டுவாய். உனக்குத் தலை, எனக்குப் பூ. அதுவும் நீ போட்ட சட்டம். கறுத்துக் கிடந்த அந்தக் காசில் ராஜா எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். நான் எட்டிப் பார்த்தால் உள்ளங்கையை மூடிக்கொள்வாய்.

"உனக்குக் கண்ணு பத்தாதுடி. தலைதேன்."

பாத்திரம் விளக்கியே என் சின்ன வயது போனது.

ஒரே ஒரு முறைதான் நான் ஜெயித்தேன். ஒருத்தியைத்தான் டீச்சர் டிரெய்னிங் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்ன அன்று. இரண்டு பேருக்கும் ஆசை. நீ என்னைவிட நன்றாகப் படித்தவள். பந்தலடியில் நின்று சுண்டினாய், பார்த்தாய். "பூ. நீதேன் போற. மரம் மாதிரி நிக்காம துணிய எடுத்து வையி" என்றாய்.

அந்த வெற்றியை எத்தனை கல்யாண வீட்டில் பீற்றியிருப்பேன். "எங்க அக்காவையே ஜெயிச்சவ நான்" என்பேன். நீ பந்தியில் இலையைப் பார்த்தபடியே, "காசும் என்னைக்காவது ஒருநா தப்பத்தேன் செய்யும்" என்பாய்.

இன்று காலையில் மதுரைக்குக் கிளம்புவதாக இருந்தோம். கறுத்துப்போன பொருளைப் பெரிய மனிதர் முன்னால் நீட்டினால் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்? குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு புளி போட்டு இதையும் தேய்த்துவிட்டேன். மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் கறுப்புலதேன்மா மதிப்பே இருக்கு."

அவன் புலம்பப் புலம்ப நான் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பு பளபளவென்று இருந்தது. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. புளி அழுக்கைத்தான் எடுக்கும், ராஜாவை எடுக்காது. நமக்குக் கிடைப்பதற்கு முன்பே யார் யார் கையிலோ தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட காசு அது.

திருடி. அத்தனை பாத்திரத்தையும் என்னை ஏமாற்றித்தானே விளக்க வைத்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்படியானால் அந்த ஒரு பூவும் நீ வைத்ததுதான். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், அக்கா. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று அழுதேன்.

காசு கெட்டுப்போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து மகன் பயந்துவிட்டான். "விடும்மா. அவரு பாத்து ஏதாச்சும் சொல்லுவாரு. போயிட்டு வந்துருவோமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "சுண்டிப் பாப்போம். பூ விழுந்தா மதுரை, தலை விழுந்தா வீடு."

சுண்டினேன். உள்ளங்கையில் பிடித்தேன். அவன் எட்டிப் பார்த்தான், மூடிக்கொண்டேன்.

"உனக்குக் கண்ணு பத்தாதுடா. தலைதேன்."