விடியலில் ஆறும் தொட்டி

டிச. 22, திங்கள்
பனி. காஞ்சிபுரத்தில் வெயில் வரத் தாமதம்.
தேவராஜ் அண்ணனின் சாயப்பட்டறை. மாடியில் நாங்கள் வைத்த சூரியத் தகடுகள், வெந்நீர்த் தொட்டி. நேற்றைய வெயிலின் சூடு விடியும்வரை தொட்டியில் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர் செப்புக் கொப்பரைக்குப் போனால், பட்டு நூலுக்குச் சாயமேற்றப் பாதி விறகு போதும். கணக்குப்படி.
இன்றும் வெதுவெதுப்புதான். விறகு குறையவில்லை.
"தம்பி, உங்க சூரியன் ராத்திரியில போத்திக்கினு தூங்குதா?" என்கிறார் அண்ணன். கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.
நசீரும் நானும் தொட்டிக்கு இன்னொரு சுற்றுக் கண்ணாடிப் பஞ்சு. உடம்பெல்லாம் அரிப்பு.

டிச. 23, செவ்வாய்
ஸ்ரீபெரும்புதூர் பஸ். பிறகு கல்லூரி, இன்குபேட்டர் அறை. எங்களைப் போலப் புதிதாய்க் கம்பெனி தொடங்கியவர்களுக்குக் கொடுப்பது: ஒரு மேசை, படுக்க இடம், வெல்டிங் செய்ய அனுமதி, வழிகாட்ட விமலா. இந்த ஆண்டு எல்லாரும் எரிசக்திக்காரர்கள். பக்கத்து மேசை, சாண எரிவாயு. அதன் வாசனைக்கும் பழகிவிட்டேன்.
சனிக்கிழமை தேர்வுக்குழு பட்டறைக்கு வருகிறது. தேதி நான் கொடுத்தது. பிடிக்கவில்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும்.
நசீருக்கு பெங்களூரில் வேலை தயார். "ரூம் போச்சுன்னா நான் கிளம்பிடுவேன்டா. தப்பா நினைக்காத."
நினைக்கவில்லை என்றேன்.

டிச. 25, வியாழன்
கல்லூரி விடுமுறை. கரண்ட் கட். விமலா வந்தார். யாரிடமோ கெஞ்சி வாங்கிய நல்ல வெப்பமானியும், பிளாஸ்கில் டீயும். நான் எழுதிய பேச்சை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார்.
"இதுல 'மாற்று நாகரிகம்' எதுக்குப்பா? விறகைப் பத்திப் பேசு."
விறகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது குறையவில்லை.

டிச. 27, சனி
குழுவின் காரில் விமலாவும் நாங்களும். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. தெருவில் ஒரு தறிச் சத்தமில்லை.
அந்த அமைதி அப்போதுதான் புரிந்தது. இன்று அமாவாசை; தறிக்கும் பட்டறைக்கும் விடுமுறை. எங்கள் வீட்டில் யாரும் காலண்டர் பார்த்து அமாவாசையைத் தெரிந்துகொண்டதில்லை. தறி நின்றால் அமாவாசை. இன்குபேட்டரில் தறி இல்லை.
நசீர் பல்லைக் கடித்தான். "எனக்குத் தெரியாதது நியாயம். நீ தறிக்காரன் வீட்டுப் புள்ளடா."
குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அப்போது கொல்லைப்புறத்தில் குடங்களின் சத்தம். போனோம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயடியில் சந்துப் பெண்கள் வரிசையாக. நடுவில் தேவராஜ் அண்ணனின் மனைவி, கலாக்கா.
"மொள்ளமா புடிங்க. இன்னிக்குப் பட்டறை லீவு, அல்லாமே நமக்குத்தான்."
எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார்.
"மத்த நாள்ல எப்பக்கா புடிப்பீங்க?" விமலா கேட்டார்.
"கருக்கல்லம்மா. மார்கழி இல்ல? குளிச்சிட்டுக் கோலம் போடணும். புள்ளைங்க வேற பச்சைத் தண்ணின்னா அழுதுங்க. இந்தப் பசங்ககிட்ட சொன்னா பூட்டு போட்டுடுங்கன்னு சொல்லல."
பெண்கள் எடுக்க எடுக்க, தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஏறியிருக்கிறது. தினமும். எங்களுக்கு முன்பே.
வாசலிலிருந்து வந்த அண்ணன் தலையில் கை வைத்தார். "அடிப்பாவி! இந்தப் பசங்க தொட்டிக்குக் கம்பளி சுத்திக்கினு கெடக்குதுங்களே!"
முதலில் சிரித்தவர் குழுத் தலைவர். பிறகு குழாயைத் திறந்து விரலை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
சூடு நிற்கிறது. விடியும்வரை, அதற்குப் பிறகும்.
"இங்க எல்லாரும் முன்னாடி வெந்நீர் எதுல காய வச்சீங்க?" என்று கேட்டார்.
"விறகுதான், வேற என்ன" என்றாள் ஒருத்தி. "கரண்ட்டு எங்க இருக்குது?"
என் பேச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

டிச. 29, திங்கள்
மேகம்.
இன்னும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: சந்துக்குத் தனித் தொட்டி வைக்க வேண்டும். அதன்பின் பட்டறை விறகு எவ்வளவு குறைகிறது என்று காட்ட வேண்டும்.
விமலா போனில் சொல்லி முடித்ததும் நசீர் வராந்தாவுக்குப் போனான். பெங்களூருக்குப் பேசுகிறான். முதுகு மட்டும் தெரிந்தது. "சாரி சார்... இல்ல சார், வேற கம்பெனி இல்ல. இங்கயே."
உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவில்லை.
"கலாக்கா பித்தளைக் குழாய் கேக்குது. பிளாஸ்டிக் வேணாமாம்."