முறை வைத்துக் கூப்பிட்டவருக்கு

அண்ணே,

இன்று டயகம பஸ்ஸில் உங்கள் வாசம் வந்தது. மழைக்காக எல்லா ஷட்டரையும் இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே ஈரக் குடைகள், ஈரக் கம்பளிச் சட்டைகள், மூச்சு விடக்கூட இடமில்லாத கூட்டம். முன் சீட்டில் ஒரு பெரியவர் தைலப் போத்தலைத் திறந்து நெற்றியில் தேய்த்தார். அவ்வளவுதான், நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். மேடை ஏறும் முன் மூக்கில் அந்தத் தைலத்தைத் தடவிக்கொண்டு, "குளிரு நம்மள விட்டாலும் சளி விடாது தங்கச்சி" என்பீர்களே, அதே வாசம். இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். கதவு வரைக்கும் போக முடியவில்லை.

உங்களுக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது நான்தானே. கோபமாகத்தான் எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டனில் பத்திரிகை நிருபராக நான் சேர்ந்த புதிதில், உங்கள் தோட்டத் தொழிற்சங்க ஆபீசில் ஒரு கூட்டம் வைத்தீர்கள். வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நான்தான் எழுந்து, போன வருஷம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தருவதாகச் சொன்ன கூரைத் தகரம் எங்கே போனது என்று கேட்டேன். மற்ற நிருபர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நீங்கள் சிரித்தீர்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டீர்கள். வட்டகொடைப் பக்கம் என்றேன். "அப்ப நம்ம வீட்டுப் புள்ள. என் தங்கச்சி கேக்காம வேற யாரு கேப்பா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு முதலில் தேத்தண்ணி வந்தது. நீங்கள் பதில் சொல்லவே இல்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் போன். "இன்னைக்கு யாரக் கிழிச்சிருக்க தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பீர்கள். இதை எழுதாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மிரட்டுகிற தலைவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிரட்டினால் அதையே செய்தியாகப் போடலாம். அம்மாவின் முழங்காலை விசாரிக்கிற மனிதரை என்னவென்று போடுவது? என் ஆசிரியருக்கோ ஒரே சந்தோஷம். தலைவர் வீட்டு அடுப்படி வரைக்கும் நம் நிருபர் போகிறார் என்று கொழும்பில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

என் மகள் பெரிய பிள்ளையானபோது, வீட்டில் சடங்கு, கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று போனில் சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். எனக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை இல்லை. தாய்மாமன் இடத்தில் நிற்பதற்கு அம்மா வலப்பனையிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை வரவழைத்திருந்தார். பாவம், அவர் ஒரு சேலையும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்து ஓரமாக நின்றிருந்தார். ரோட்டிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஜீப்பைக் கோயில் முடக்கு வளைவிலேயே நிறுத்திவிட்டு, தலைப்பாகை கட்டி, பின்னால் வரிசையாகச் சீர்த்தட்டுகள் வர, நடந்தே வந்தீர்கள். "தாய்மாமன் நான் உசிரோட இருக்கையில, என் மருமக சீர் இல்லாம உக்காருவாளா?" என்று கேட்டீர்கள். லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். மணையில் உட்கார்ந்த பிள்ளைக்கு வந்த சீரைத் திருப்பினால் பிள்ளைக்கு ஆகாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டைக் கை நீட்டி வாங்கினேன். ஒன்றுவிட்ட அண்ணன் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பாசம் நடிப்பு என்று சொல்ல மாட்டேன். மாலை போடும்போது உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நடிப்பாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும் தெரியுமா?

அதற்குப் பிறகு தோட்டங்களில் யாரும் என்னிடம் செய்தி சொல்லவில்லை. மனுத்தான் கொடுத்தார்கள். தண்ணீர் வரவில்லை, ஐயாவிடம் சொல்லுங்கள். ரோடு உடைந்துவிட்டது, ஐயாவிடம் சொல்லுங்கள். பேப்பரில் போடுகிறேன் என்றால், பேப்பர் எதற்கு, அண்ணனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்டார்கள்.

பிறகுதான் டயகமப் பக்கத்து மேல் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துப் பிளவு விட்டது. புது வீடு கட்டித் தருவதாக, மந்திரியான புதிதில் நீங்கள் அங்கே அடிக்கல் நாட்டியிருந்தீர்கள். அந்தக் கல்லில் ஆடு கட்டியிருந்தார்கள். கண்டதை அப்படியே எழுதினேன். உங்கள் பெயர், உங்கள் வாக்குறுதி, கட்டியிருந்த ஆடு, ஒன்றையும் விடவில்லை. மறுநாள் விடியற்காலையில் போன் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாடா, அறுந்தது என்றும் இருந்தது.

எங்கே அறுந்தது? மத்தியானம் நீங்கள் நேரே அந்த லயத்துக்கே ஏறிப் போனீர்கள். பத்திரிகையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினீர்கள். "பாருங்க, என் கூடப்பொறக்காத பொறப்பே என்னை எழுதியிருக்கா. அடிக்கிற கைதானே அணைக்கும்? நீரடிச்சு நீர் விலகுமா?" என்றீர்கள். சனம் கை தட்டியது. அடுத்த நாள் மற்றப் பத்திரிகைகள் எல்லாம், விமர்சனத்தை வரவேற்கும் தலைவர் என்று உங்கள் படத்தைப் போட்டன. வெடிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. வீடும் வரவில்லை. அம்மா மட்டும், சீர் செய்த கையைக் கடித்துவிட்டாயே என்று பல நாள் என்னோடு பேசாமல் இருந்தார். உங்கள் படம் வந்த அன்று காலையிலேயே போன் வந்தது. "இன்னைக்கு யாரு தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

நீங்கள் செத்த அன்றைக்கும் என்னை விடவில்லை அண்ணே. கழுத்தில் பத்திரிகை அட்டையை மாட்டிக்கொண்டு, நிருபர்களுக்காகக் கயிறு கட்டிய இடத்தில்தான் நானும் நின்றேன். ஒரு பொலிஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "மந்திரிதுமாகே நங்கி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மந்திரியின் தங்கை. மரியாதையாகக் கயிற்றைத் தூக்கி உள்ளே அனுப்பினார். உள்ளே பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்து, உங்கள் தலைமாட்டில் உட்காரவைத்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள், ஒன்றும் தெரியாது. மறுநாள் என் பத்திரிகையிலேயே என் படம் வந்திருந்தது, சோகத்தில் உறவினர்கள் என்று.

உங்கள் மகன்தான் இப்போது உங்கள் நாற்காலியில் இருக்கிறார். நல்ல பிள்ளை, உங்களைப் போலவே வாய் நிறையச் சிரிப்பு. என்னை அத்தை என்கிறார். நேற்று போன் எடுத்து, அந்த மேல் லயத்தில் மழைக்கு ஒரு அடுப்படிச் சுவர் விழுந்துவிட்டதாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும், நாளைக்குப் போகிறேன் என்றேன். "போங்க அத்தை. அப்பாவ எழுதுனீங்களே, அந்த மாதிரிக் காரமா என்னையும் ஒன்னு எழுதுங்க. சனம் அப்பதான் என்னைய அப்பா எடத்துல வச்சுப் பாக்கும்" என்றார். நான் என்ன சொல்வேன்? எழுதினால் அது அவருக்கு மாலை. எழுதாவிட்டால் அடுத்த மழைக்குச் சுவரோடு ஆளும் போகும். இந்த நினைப்போடுதான் இன்று அந்த மூடிய பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

சுவர் விழுந்தது சரோஜாவின் வீட்டில். கொழுந்து பறிக்கிறவர், இரண்டு பிள்ளைகள். விழுந்த இடத்தில் ஒரு ரப்பர் சீட்டைக் கட்டியிருந்தார். சீட்டுக்குப் பின்னால் மலை, கை எட்டும் தூரத்தில். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சரோஜா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். சுவரைப் பற்றி நான் கேட்கக் கேட்க, வேறு பேச்சுக்குப் போனார். கடைசியில் நான் பேனாவை மூடிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுனா அது அண்ணன் வீட்டுச் சண்டையாப் போயிரும். போன தடவ நாங்களே கை தட்டுனோம்ல? யாருக்கும் சொந்தமில்லாத ஆளு இருந்தா வரச் சொல்லுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நுவரெலியாவில் ஒரு சிங்களப் பத்திரிகைக்காரர் இருக்கிறார், நேர்மையானவர் என்று சொன்னேன். அவர் இங்கே யாருக்காவது சொந்தமா என்று சரோஜா கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவருடைய நம்பரைப் போனில் போட்டுக்கொண்டார். தனக்குச் சிங்களம் நல்லாவே வரும், தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் செய்தி வரும். வரவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் இறங்கி வந்தேன். அதில் என் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. இத்தனை வருஷம் எழுதி, கடைசியில் அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் செய்ய முடிந்தது விலகி நின்றதுதான்.

இந்த மடலைத் தொடங்கும்போது தலைவர் அவர்களுக்கு என்று எழுதிப் பார்த்தேன். ஐயா என்றும் எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை. ஊர் பார்க்கத் தப்படித்து என்னைத் தங்கச்சி ஆக்கினீர்கள். இவள் எனக்கு ஒன்றும் முறையில்லை, வெறும் நிருபர்தான் என்று அதே ஊர் பார்க்கச் சொல்லவும் உங்கள் ஒருவரால்தான் முடியும். நீங்கள் போய்விட்டீர்கள். இனி நான் சாகும்வரைக்கும் உங்கள் தங்கச்சிதான்.